அப்பாவின் ஆறு சிலிண்டரில் யார் ஏறலாம்

சேசு மரி சூசை

ஜொகூர் பாரு
5 பிப்ரவரி 1934

ரோலண்ட்,

நான் உன்னை வீட்டைவிட்டுத் துரத்தினேன் என்று லாபிஸில் பேசிக்கொள்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த லூசி சொன்னாள். லூசியிடம் நல்ல செய்தி எதுவும் இருந்ததில்லை. ஆனால் அவள் பொய் சொல்கிறவள் அல்ல. ஆகவே முதலில் இதைத் திருத்துகிறேன்.

நான் உன்னைத் துரத்தவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற அந்தப் பெண்ணைச் செகாமட்டில் பதிவுத் திருமணம் செய்துவிட்டு வந்து நின்று சொன்னாய். நான் கேட்டுக்கொண்டேன். நீ பெட்டியைத் தூக்கினாய். "போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போ, மழை வருகிறது" என்றேன். அன்று மழை வந்தது. நான் சொன்னது அவ்வளவுதான். அடுத்த முறை யாராவது உன்னிடம் கேட்டால் இதை இப்படியே சொல்.

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறாய், அதையும் தபால் அட்டையில். "அப்பாவின் கார் சும்மாதானே நிற்கிறது, எனக்கு வேண்டும்." தபால்காரன் படித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தான். அவன் முகத்தில் தெரிந்தது.

கார் சும்மா நிற்கவில்லை. அப்பா வைத்த இடத்தில் நிற்கிறது. சனிக்கிழமைதோறும் எதிர்வீட்டு டிரைவரை அழைத்து அரை மணி நேரம் ஓடவிடுகிறேன். ஆறு சிலிண்டரும் ஒரே சீராக ஓடுகின்றன.

உனக்கு அது எதற்கு, அதில் எதை அறுக்கப் போகிறாய், யார் யார் ஏறப் போகிறார்கள் என்று உறையிலிட்ட கடிதத்தில் எழுது.

கெர்ட்ரூட் சந்தனசாமி

லாபிஸ்
12 பிப்ரவரி 1934

அம்மா,

உறையில் போட்டுத்தான் எழுதுகிறேன்.

பெக்கோக்கிற்கு உள்ளே மலையோரம் ஐந்து தோட்டங்கள் இருக்கின்றன. ஐந்துக்கும் சேர்த்து ஓர் ஆஸ்பத்திரி. இப்போது காய்ச்சல்காரனையும் பாம்பு கடித்தவனையும் மாட்டு வண்டியில்தான் கொண்டுபோகிறார்கள். பாதி வழியில் திரும்பிவிடுகிற வண்டிகளும் உண்டு. போக வேண்டிய அவசியம் தீர்ந்துபோயிருக்கும்.

பெரிய துரை இப்போது நோயாளிகளுக்கென்று ஒரு காரை அமர்த்தப் போகிறார். யாருடைய கார் என்பதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார். தோட்டத்து வாசலிலிருந்து மலைமேல் நான்காம் டிவிஷன்வரை மூன்று மைல் செம்மண் ஏற்றம். டிரைவரைத் தவிர ஆறு பேரை ஏற்றிக்கொண்டு, வழியில் நிற்காமல், பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஏற வேண்டும். ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி.

வேலை கிடைத்தால் மாதச் சம்பளம், வாசலோரம் ஒரு வீடு. இப்போது நான் பட்டறை வைத்திருக்கும் ஒரு சீனத் தவுக்கேயிடம் கூலிக்கு நட்டு முடுக்குகிறேன். பட்டறைக்குப் பின்னால் பலகை அறை. மழை பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அப்பாவின் காரை அப்படியே ஓட்டினால் மலை ஏறாது. குதிரைச் சக்தியைக் கூட்ட வேண்டும். பணம் கொட்டினால் யாரும் கூட்டலாம். என்னிடம் இருப்பது அரம், ரம்பம், பட்டறையின் பழைய இரும்புக் குப்பை. அது போதும் என்று நினைக்கிறேன். என்னை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிட்டது அப்பாதானே.

இன்னொன்று. அங்கம்மா முழுகாமல் இருக்கிறாள். மூன்றாம் மாதம். லூசி சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

ரோலண்ட்

சேசு மரி சூசை

ஜொகூர் பாரு
17 பிப்ரவரி 1934

ரோலண்ட்,

காரைத் தருகிறேன். நோயாளிகளுக்கு என்பதால் தருகிறேன். உனக்காக என்று எண்ணிக்கொள்ளாதே.

அப்பாவின் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 1928 நவம்பரில் ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடம் வாங்கியது. ஐம்பத்தைந்து குதிரைச் சக்தி என்று தயாரித்தவர்களின் தாளில் இருக்கிறது. "இதில் ஐம்பதை நம்பலாம்" என்று அப்பா ஓரத்தில் எழுதியிருக்கிறார். அவர் யாரையும் முழுவதும் நம்பியதில்லை. அதனால் நிம்மதியாக இறந்தார்.

நீ கழற்றும் ஒவ்வொரு பொருளையும் எண்ணெய் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, பெயர் எழுதி ரயில் பார்சலில் எனக்கு அனுப்ப வேண்டும். ஒரு திருகாணியும் தவறக் கூடாது. கார் ஒருநாள் பழையபடி ஆக வேண்டும். வண்ணத்தை மாற்றக் கூடாது.

அந்தப் பெண் காரில் ஏறக் கூடாது. முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது, கார் நிற்கும்போதும் கூடாது.

இவ்வளவையும் எழுதிய ஒரு தாளை இத்தோடு இணைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவா. காரை எடுக்க நீ கொட்டகைக்கு வந்தால் போதும். வீட்டுக்குள் வர வேண்டியதில்லை.

கடைசி வரியில் நீ எழுதியதைப் படித்தேன்.

கெர்ட்ரூட் சந்தனசாமி

லாபிஸ்
4 மார்ச் 1934

அம்மா,

கார் வந்து சேர்ந்தது. வழியில் எந்தக் கோளாறும் இல்லை. நான் கொட்டகையில் நின்றபோது நீங்கள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றீர்கள். திரைக்குக் கீழே உங்கள் செருப்பு தெரிந்தது. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

நேற்று மலையில் ஏற்றிப் பார்த்தேன். ஆறு ஆளுக்குப் பதில் அரிசி மூட்டைகள். பதினெட்டு நிமிடம். இரண்டாவது வளைவில் முனகியது, மூன்றாவது வளைவில் செத்துப்போகப் பார்த்தது.

முதலில் எடையைக் குறைத்தேன். மட்காட் நான்கு, பம்பர் இரண்டு, கூரை, கூரையின் கம்பிகள், பின்னால் தொங்கிய டிரங்குப் பெட்டி, ஸ்பேர் சக்கரங்களில் ஒன்று. எல்லாவற்றையும் சுற்றிப் பெயர் எழுதி அனுப்பியிருக்கிறேன். எடையைக் குறைக்கக் காசு வேண்டியதில்லை. ஏழைக்குக் கிடைக்கும் முதல் குதிரை அதுதான்.

கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றி அங்கம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவளிடம் எனக்கு மறைக்கத் தெரியாது. அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அவங்க காரு, அவங்க சொல்றாங்க. நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. எனக்கு என்னாங்க? எனக்குக் காலு இருக்கு."

"வேல கெடைக்கணும்லா, அங்கம்மா. அதுக்காகத்தான்."

"நான் ஒண்ணும் கேக்கலியே. போட்டது போட்டாச்சு. ஆனா நாளைக்கு நீங்களே வந்து ஏறு ஏறுன்னா நான் ஏறமாட்டேன். அதையும் ஒரு தாள்ல எழுதித் தாங்க, நான் கைநாட்டு வைக்கிறேன்."

அதற்குப் பிறகு காரைத் துடைக்கக்கூட அவள் வரவில்லை. பட்டறைக்குள் வந்தால் காரைச் சுற்றிக்கொண்டு நடக்கிறாள்.

ரோலண்ட்

சேசு மரி சூசை

ஜொகூர் பாரு
12 மார்ச் 1934

ரோலண்ட்,

பார்சல் வந்தது. இடது பக்க மட்காட்டில் விரல் நீளக் கீறல். நீ எடுத்துப் போனபோது அது இல்லை. கூரைத் துணியை மடித்திருக்கிறாய். அதைச் சுருட்ட வேண்டும். பன்னிரண்டு போல்ட்டுக்குப் பதினோரு நட்டு இருக்கின்றன. மீதி ஒன்றைத் தேடி அனுப்பு.

அந்தப் பெண் காரைச் சுற்றிக்கொண்டு நடப்பதாக எழுதியிருக்கிறாய். நல்லது. அவளுக்கு உன்னைவிடப் புத்தி இருக்கிறது. எனக்காக அவள் கைநாட்டு வைக்க வேண்டாம். எழுதத் தெரியாதவர்களின் வாக்கை நான் வாங்குவதில்லை.

கெர்ட்ரூட் சந்தனசாமி

லாபிஸ்
29 ஏப்ரல் 1934

அம்மா,

பன்னிரண்டாவது நட்டு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. என் சட்டைப்பையில்தான் இருந்தது.

நிறைய வேலை நடந்திருக்கிறது. அப்பா இருந்தால் அவரிடம்தான் எழுதியிருப்பேன். இப்போது உங்களிடம் எழுதுகிறேன்.

எஞ்சின் மேல் மூடியை, நாங்கள் ஹெட் என்போம், கழற்றி அதன் அடிப்பக்கத்தை மெல்லிய வெள்ளிக்காசு கனத்துக்குச் சீவினேன். சீவினால் உள்ளே இடம் குறையும், பெட்ரோலும் காற்றும் இன்னும் இறுக்கமாக அமுங்கும், வெடிப்பு பலமாகும். ரயில்வேயில் என்னோடு வேலை பார்த்த சதாசிவம் ஞாயிற்றுக்கிழமை மெஷினில் வைத்துச் சீவிக் கொடுத்தான். கூலியாக அங்கம்மாவின் மீன் குழம்பைக் கேட்டான். இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, "அண்ணே, இன்னும் ஏதாச்சும் சீவணுமா?" என்கிறான்.

சீவியதும் எஞ்சின் சுத்தியலால் அடிப்பது போலக் கணகணவென்றது. சாதாரணப் பெட்ரோல் அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. பென்சால் கலந்தேன். அடங்கியது.

காற்று போகிற வழிகளை அரத்தாலும் உப்புத்தாளாலும் பதினேழு நாள் தேய்த்தேன். உள்ளே விரல் விட்டால் பீங்கான் கோப்பை மாதிரி இருக்கும். ஒரு கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு. இரண்டும் குப்பையில் எடுத்தவை. அவற்றை மாட்டுகிற குழாயைப் ரப்பர் உலர்த்தும் புகைக்கொட்டகையின் பழைய பாய்லர் குழாயில் வெட்டி ஒட்டினேன். தவுக்கே சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அலாமாக், ரோலான், இத்து காரா, கப்பலா?" என்று கேட்டுச் சிரித்தார்.

கடைசியாக விசிறியைக் கழற்றினேன். ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றுகிற விசிறி. அதைச் சுற்றுவதற்கே எஞ்சின் இரண்டு குதிரையைச் செலவழிக்கிறது. வேகமாகப் போகிறபோது எதிர்காற்றே போதும். விசிறியைச் சுற்றி அனுப்பியிருக்கிறேன்.

நேற்றைய ஏற்றம் பதிமூன்று நிமிடம். இன்னும் ஒரு நிமிடம்தான்.

ரோலண்ட்

சேசு மரி சூசை

ஜொகூர் பாரு
7 மே 1934

ரோலண்ட்,

விசிறி வந்தது. நான்கு இலைகளும் வளையாமல் இருக்கின்றன. இந்த ஒரு பார்சலை ஒழுங்காகக் கட்டியிருக்கிறாய்.

ஆனால் இதை ஏன் கழற்றினாய்? அப்பாவின் புத்தகத்தில் பதினான்காம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "வேகமாக ஓடும்போது விசிறி வேண்டாம் என்பார்கள். ஊர்வலத்துக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும்." மாதா தேர் ஊர்வலத்துக்குப் பின்னால் அவர் காரை ஓட்டியது உனக்கு நினைவிருக்காது. உனக்கு நினைவில் இருப்பவை எல்லாம் உனக்கு வசதியானவை.

சோதனை முடிந்ததும் விசிறியைத் திரும்ப மாட்ட வேண்டும். கேட்டு எழுது, அனுப்புகிறேன்.

கெர்ட்ரூட் சந்தனசாமி

பெக்கோக்
12 ஜூன் 1934

அம்மா,

பதினோரு நிமிடம் இருபது வினாடி.

புதுக் கார் ஒன்று வந்திருந்தது, எட்டு மாதம்கூட ஓடாதது. பதினான்கு நிமிடம். கடைக்காரச் சீனரின் லாரி பாதியில் நின்றுவிட்டது. அப்பாவின் கார் மட்காட் இல்லாமல், கூரை இல்லாமல், குளித்துவிட்டுத் துண்டோடு நிற்கிறவன் மாதிரி நின்றது. துரைமார் சிரித்தார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் பெரிய துரை கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்தார். வீட்டுச் சாவியை அங்கேயே கொடுத்தார்.

ஆறு பேர் யார் என்று நீங்கள் கேட்பீர்கள். நானே சொல்கிறேன். லயத்து வீடுகளில் இருக்கும் தோட்டத்து ஆட்கள். அங்கம்மாவின் மாமன் ஐயாசாமி, அவருடைய இரண்டு மகன்கள், அவர்களை வேலை வாங்குகிற மண்டோர், தண்ணீர் தூக்குகிற அர்ச்சுனன். ஆறாவது ஆள் அங்கம்மாவின் தாய் கருப்பாயி. முன் சீட்டில், என் பக்கத்தில், அப்பா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். வெற்றிலை போட்டிருந்தார். இரண்டாவது வளைவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, ஒங்க அம்மாவும் இப்படித்தான் கத்திக்கிட்டே போவாங்களா?" என்று கேட்டார். பின்னால் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பே காரைத் தள்ளி ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

தாளில் அங்கம்மாவின் பெயர் மட்டும்தான் இருந்தது. நான் வாக்கை மீறவில்லை.

விசிறியை அனுப்புங்கள்.

ரோலண்ட்

சேசு மரி சூசை

ஜொகூர் பாரு
18 ஜூன் 1934

ரோலண்ட்,

வேலை கிடைத்ததற்குச் சந்தோஷம். அதைக் கொண்டு என்னைக் குத்தலாம் என்று நீ நினைத்தது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. சின்ன வயதிலும் பரிசு வாங்கி வந்தால் யாரையாவது அழவைத்துவிட்டுத்தான் காட்டுவாய்.

நான் அழவில்லை. தாளை மட்டும் திருத்தியிருக்கிறேன். புதிய தாள் இத்துடன் இருக்கிறது. நோயாளிகள் யாராயிருந்தாலும் காரில் ஏறலாம். எந்த லயத்திலிருந்தும் வரலாம். அந்தப் பெண்ணும் அவள் உறவினரும், உறவினர் என்ற முறையில் ஏறக் கூடாது. இது தெளிவாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. அது வரும்வரை விசிறி என் கட்டிலுக்கு அடியில் இருக்கும்.

கெர்ட்ரூட் சந்தனசாமி

பெக்கோக்
25 ஜூன் 1934

அம்மா,

ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது தாளில் போடமாட்டேன். விசிறியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் நோயாளிகளை வேகமாகத்தான் கொண்டுபோகிறேன். எனக்குக் காற்று இருக்கிறது.

ரோலண்ட்

பெக்கோக்
30 ஆகஸ்ட் 1934

அம்மா,

இரண்டு மாதத்தில் நாற்பத்தோரு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மூன்று பேர்தான் செத்தார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெசர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுத வேண்டியது வேறு.

இருபத்து மூன்றாம் தேதி வியாழக்கிழமை, பால் நிறுத்துப் போடுகிற நேரத்தில், பகல் பதினொன்றுக்கு அங்கம்மாவுக்கு வலி எடுத்தது. கருப்பாயி அத்தை பார்த்துவிட்டு, பிள்ளை திரும்பிக் கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றார். ஆறு மைல். பதினைந்து நிமிடத்தில் போய்விடுவேன். காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

"ஏறு, அங்கம்மா."

"என்னான்னு ஏறுறது? ஒங்க பொண்டாட்டின்னு ஏறக் கூடாது. ஒங்க மாமியா மகள்னும் ஏறக் கூடாது."

"சீக்காளின்னு ஏறு. அம்மாவே எழுதியிருக்காங்க, சீக்காளிங்க யாரா இருந்தாலும் ஏறலாம்னு. வா."

நான் உங்கள் கடிதத்தை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. அந்த நேரத்தில் அதைத்தான் சொன்னேன். கெட்டிக்காரத்தனமாகச் சொல்கிறேன் என்று நினைத்தேன்.

"சீக்காளியா? புள்ளப் பெறுறது சீக்கா? ஒங்க அம்மா ஒங்களப் பெத்தப்போ சீக்காளியாத்தான் இருந்தாங்களா?" என்றாள். நிலைக்கால் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தூக்கிப் பார்த்தேன். கையைக் கடித்தாள். தழும்பு இருக்கிறது.

"வலியில இருக்கிறவள இழுக்காதீங்க மாப்ள. அவ போக்குல விடுங்க" என்று அத்தை சொன்னார். ஐயாசாமி மாமன் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பினார். அங்கம்மா தானாகவே நடந்துபோய் அதில் ஏறினாள்.

நான் பின்னாலேயே காரை ஓட்டினேன். மனம் மாறினால் உடனே ஏற்றிக்கொள்ளலாம் என்று. முதல் கியரில், மாட்டு நடையில். மலையைப் பதினோரு நிமிடத்தில் ஏறுகிற கார் அப்படிப் போய்க்கொண்டிருந்தது. உச்சி வெயில். காற்று ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை. வண்டியிலிருந்து அவள் சத்தம் கேட்டது. அவள் கத்துகிறபோதெல்லாம் ஹாரன் அடித்தேன். ஏன் அடித்தேன் என்று கேட்காதீர்கள்.

ஒன்றரை மைலில் ரேடியேட்டர் கொதிக்க ஆரம்பித்தது. இரண்டாம் மைலில் மூடியைப் பிய்த்துக்கொண்டு ஆவி அடித்தது. எஞ்சின் நின்றுவிட்டது. மாட்டு வண்டி போய்க்கொண்டே இருந்தது. மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு ஓடைக்கு ஓடினேன். திரும்பி வரும்போது தூரத்திலிருந்து அத்தையின் குரல்.

"மாப்ள! ஏறுறேங்கிறா! காரக் கொண்டாங்க! ஏறுறேங்கிறா!"

கொஞ்சம் ஆறவிட்டு ஊற்ற வேண்டும் என்பது பட்டறையில் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொண்டது. நான் ஆறவிடவில்லை. ஊற்றினேன். சீவிச் சீவி மெலிந்த ஹெட்டில் டக்கென்று ஒரு சத்தம். மூலைக்கு மூலை விரிசல். அந்தச் சத்தம் கேட்டதும் இனி ஓடாது என்று தெரிந்துவிட்டது.

டின்னில் இருந்த மீதித் தண்ணீரோடு வண்டியை நோக்கி ஓடினேன். கால் மைல் இருக்கும். பால் வெட்டுகிற கித்தா மர நிழலில் மாட்டை அவிழ்த்திருந்தார்கள். நான் போகிறபோது பிறந்துவிட்டான். ஆண் பிள்ளை. கால் முன்னால் வரப் பிறந்தான். ஒருமுறை அழுதான். இரண்டாம் முறை அழவில்லை. ஆனால் மூச்சு இருந்தது. ஜெபமாலையில் பத்து மணி சொல்கிற நேரம் இருந்தான். உங்களுக்குப் புரிகிற கணக்கு அதுதான்.

அங்கம்மா பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அதே மாட்டு வண்டியில்தான் போனாள். பிள்ளையை இங்கே மரங்களுக்கு நடுவே, லயத்து ஆட்களைப் புதைக்கிற இடத்தில் வைத்திருக்கிறோம்.

நான் கையெழுத்துப் போட்டேன், விசிறியைக் கழற்றினேன், தண்ணீரை ஊற்றினேன். மூன்றும் என் கை. அதை நான் யார்மேலும் போடப் போவதில்லை. ஆனால் நீங்கள் எழுதினீர்கள், அம்மா. உட்கார்ந்து, நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினீர்கள்.

நேற்று அங்கம்மா ஒன்று கேட்டாள். ஆறு நாளில் என்னிடம் அவள் பேசியது அது ஒன்றுதான். "ஒங்க அம்மாவுக்கு எழுதிட்டீங்களா? சந்தோசப்படுவாங்க."

எழுதிவிட்டேன்.

ரோலண்ட்

சேசு மரி சூசை

ஜொகூர் பாரு
6 செப்டம்பர் 1934

ரோலண்ட்,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மூன்று முறை படித்தேன். மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

நான் சந்தோஷப்படவில்லை. அதை அவளிடம் சொல்.

நோயாளிகள் யாரும் ஏறலாம் என்று நான் எழுதியது ஜூன் பதினெட்டாம் தேதி. அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அதன்படி அவள் ஏறியிருக்கலாம். ஏறாதது அவள் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தை நான் குறை சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் ஏறியிருக்கமாட்டேன். இதை நான் எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

விசிறியை நேற்றுக் காலை ரயில் பார்சலில் அனுப்பிவிட்டேன். எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். புது ஹெட் வாங்க ஆகும் செலவைத் தருகிறேன். குப்பையில் தேடாதே. இந்த ஒருமுறை மலிவாகச் செய்யாதே.

பங்குச் சாமியாரைப் பார்த்தேன். அப்பாவின் கல்லறைக்கு இடது பக்கம் எனக்காக வாங்கிப்போட்ட இடம் இருக்கிறது. அதைப் பிள்ளைக்குக் கொடுக்கிறேன் என்றேன். எனக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். லயத்து மரங்களுக்கு நடுவிலிருந்து அவனை எடுத்து இங்கே கொண்டுவர உத்தரவு வாங்கித் தருவதாகச் சொன்னார். பெட்டியை அப்பாவின் காரில் வைத்துக் கொண்டுவா. முன் சீட்டில் வை. அவன் சந்தனசாமி வீட்டுப் பிள்ளை. அவன் ஏறக் கூடாது என்று நான் எங்கும் எழுதவில்லை.

அவன் தாய் வருவதானால் ரயிலில் வரட்டும். கல்லறையில் நிற்கலாம். வீட்டுக்கு வர வேண்டியதில்லை. இதிலும் நான் மாறிவிட்டேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை ஞானஸ்நானம் பெற்றதா என்று. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மந்திரித்த கல்லறை நிலத்தில் வைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது உனக்குத் தெரியும். ஏழு வயதில் ஞானோபதேசத்தில் அதைத் தப்பில்லாமல் ஒப்பித்திருக்கிறாய். கன்னிமார் மடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே உனக்கு நான் சொல்லிக்கொடுத்தேன்.

டின்னில் மீதித் தண்ணீரோடு ஓடினதாக நீயே எழுதியிருக்கிறாய். பத்து மணி சொல்கிற நேரம் அவன் உயிரோடு இருந்ததாகவும் நீயே எழுதியிருக்கிறாய். அந்தத் தண்ணீரில் ஒரு கை அள்ளி அவன் தலையில் ஊற்றினாயா? ஊற்றும்போது பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து நாமத்தைச் சொன்னாயா? அவனுக்கு ஏதாவது ஒரு பெயர் வைத்தாயா?

ஊற்றியிருந்தால் அவன் தாத்தாவின் பக்கத்தில் இருப்பான். ஊற்றவில்லை என்றால் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நான் போய் யாரையும் கெஞ்சமாட்டேன். ஊற்றாமல் ஊற்றினேன் என்று எழுதாதே. உன் கையெழுத்தில் பொய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதற்கு மட்டும் பதில் வேண்டும். எழுத்தில் வேண்டும்.

உன் தாய்,
கெர்ட்ரூட் சந்தனசாமி